விபத்து நெரிசலின் தாமதத்தை அளத்தல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தேறியவை, தேறாதவை

நெடுஞ்சாலை விபத்து ஒன்று எத்தனை வாகன-மணி நேரத்தை (ஒவ்வொரு வண்டியும் இழந்த நேரத்தின் கூட்டுத்தொகை) விழுங்கியது என்று கணக்கிடப் பல வழிகள் உண்டு. தொடர்ந்து பயன்படுத்தியதில் ஒன்று தெளிவானது: கருவி எதுவானாலும், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் விடையை அதிகம் மாற்றுகிறது.

காலிச் சாலையின் வேகத்தோடு ஒப்பிடாதீர்கள். காலிச் சாலையில் 9 நிமிடம், வழக்கமான காலை நெரிசலில் 14 நிமிடம் பிடிக்கும் தொலைவு, விபத்தன்று 21 நிமிடம் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். விபத்தின் கணக்கில் சேர வேண்டியது 7 நிமிடம்தான், 12 அல்ல. அதே கிழமை, அதே 5 நிமிட இடைவெளி, முந்தைய 8 வாரங்கள் என எடுத்து, மழை, விடுமுறை, வேறு விபத்து இருந்த நாட்களை நீக்கிவிட்டு, எஞ்சியதன் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) அடிப்படையாக வையுங்கள். சராசரி வேண்டாம். நீக்கத் தவறிய ஒரு மோசமான நாள் அதை மேலே இழுக்கும். விபத்தின் தாமதம் குறைந்து தெரியும்.

சாலைக்குள் பதித்த லூப் சென்சார், வண்டிகளை எண்ணுவதற்கு அருமை. வேகத்துக்கு அவ்வளவு நம்பக்கூடாது. ஒற்றை லூப், வண்டியின் நீளத்தை ஊகித்தே வேகத்தைச் சொல்கிறது. லாரிகள் கூடும்போது குறைத்துக் காட்டும். அடுத்தடுத்துப் பதித்து வேகத்தை நேரடியாக அளக்கும் இரட்டை லூப்பிலும் ஒரு பொறி உண்டு: 30, 90 கி.மீ. வேகங்களின் சாதாரணச் சராசரி 60. பயண நேரத்துக்குப் பொருந்தும் இசைச் சராசரியோ (ஒரே தொலைவை இரு வேகங்களிலும் கடந்தால் வருவது) 45.

புளூடூத் பொருத்தம், அதாவது ஒரே கருவியின் புளூடூத் அடையாளத்தை இரு முனைகளிலும் பிடிப்பது, உண்மையான பயண நேரத்தைத் தரும், ஆனால் வண்டி மறுமுனையை அடைந்த பிறகுதான். நடுவில் டீ குடிக்க நின்றவர்களையும் சலித்தாக வேண்டும். ஜிபிஎஸ் வேகத் தரவில் கவனம் வேறு: வண்டி கிடைக்காத நிமிடங்களைப் தரவு தருபவர்கள் பழைய சராசரியால் நிரப்பி அனுப்புவதுண்டு. நேரடி அளவா, நிரப்பியதா என்று காட்டும் புலத்தைப் பார்க்காமல் கூட்டினால், விபத்தே நடக்காதது போல விடை வரும்.

தரவு இல்லாத இடத்தில், வரும் வண்டிகளுக்கும் கடக்கும் வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டும் வரிசைக் கணக்கு கைகொடுக்கும். 3 தடச் சாலையில் ஒரு தடம் அடைபட்டால் மூன்றில் இரண்டு பங்கு கொள்ளளவு (மணிக்குக் கடக்கக்கூடிய அதிகபட்ச வண்டிகள்) மிஞ்சும் என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்கச் சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு தரும் அளவு 49 சதவீதம். வேடிக்கை பார்ப்பதும் தடம் மாறுவதும் மீதியைத் தின்கின்றன. மணிக்கு 6000 கொள்ளளவு, 4500 வரத்து, 30 நிமிட அடைப்பு என்றால், அடைப்பின்போது மணிக்கு 2940 வண்டிகள் மட்டுமே கடக்கும். 780 வண்டிகள் தேங்கும். அவை கரைய இன்னும் 31 நிமிடம். மொத்தம் சுமார் 398 வாகன-மணி நேரம். அடைப்பு 45 நிமிடமானால் 895. நேரம் ஒன்றரை மடங்கானால் தாமதம் இரண்டேகால் மடங்கு. மீட்பு வண்டி சீக்கிரம் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு இல்லை. தேங்கிய வரிசை கரையும்போது முழுக் கொள்ளளவும் கிடைப்பதில்லை என்பதையும் சேருங்கள்: 10 சதவீதம் குறைத்தால் முதல் கணக்கே 533 ஆகிறது.

இதனால்தான் விபத்துப் பதிவேட்டில் உள்ள நேரம் ஆபத்தானது. அதில் இருப்பது தகவல் வந்த நேரம், விபத்து நடந்த நேரம் அல்ல. நெரிசலின் வால் பின்னோக்கி நகர நேரம் பிடிக்கும்; பின்னால் உள்ள சென்சாரில் வேகம் விழுந்த நேரத்திலிருந்து அதைக் கழித்தால் உண்மை நேரத்தை நெருங்கலாம்.

ஆய்வு எல்லையையும் தாராளமாக வையுங்கள். அந்த 780 வண்டிகள் தடத்துக்கு 260; வண்டிக்கு 12 மீட்டர் என்றாலே 3 கி.மீ. தாண்டும். கடைசி சென்சாருக்கு அப்பால் வால் நீண்டால் அந்தத் தாமதம் கணக்கில் வராது. எதிர்த்திசையில் வேடிக்கை பார்ப்பதால் உண்டாகும் நெரிசலைத் தனி வரியாக எழுதுங்கள்.