புகையா, சாக்லேட்டா? கஞ்சா உடலுக்குள் செல்லும் இரு வழிகள்

கொடைக்கானலில் மருந்துக்கடை நடத்திவரும் என்னிடம் விடுமுறைக் காலம் தொடங்கியதும் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, பொகைதானே நெஞ்சைக் கெடுக்கும்? சாக்லேட்டுல கலந்து தின்னா ஒண்ணும் ஆகாதுல்ல?" கேட்பவர்கள் பெரும்பாலும் வட்டக்கானலில் தங்க வந்த கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் நம்புவதில் பாதி உண்மை என்பதாலேயே இந்தக் கேள்வி எனக்கு அச்சமூட்டுகிறது.

இரண்டு வழியிலும் உடலுக்குள் போவது கஞ்சாவில் போதை தரும் அதே பொருள்தான்: டெல்டா-9 டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. இதை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். மூளையின் நரம்பணுக்களில் உள்ள சிபி1 என்னும் ஏற்பிகளில் இது சென்று ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பிகளோ நம் உடலே சுரக்கும் வேதிப்பொருள்களுக்காக அமைந்தவை. அவற்றில் ஒன்றை 1992-ல் கண்டறிந்தவர்கள், 'ஆனந்தம்' என்ற சொல்லைக் கொண்டே 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். நினைவைப் பதியவைக்கும் பகுதியிலும், நடையைச் சீராக்கும் சிறுமூளையிலும் இவ்வேற்பிகள் செறிந்திருப்பதால்தான் மறதியும் தள்ளாட்டமும் வருகின்றன.

புகைத்தால் டிஎச்சி நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து, சில நொடிகளிலேயே மூளையைத் தொடுகிறது. ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டி, பின்னர் விரைவாக இறங்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் மயக்கம் தணியும். மிகுதியாகிவிட்டது என்று உடல் உடனே சொல்லிவிடுவதால், புகைப்பவர் நிறுத்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இந்த வழியின் கேடு புகையில் இருக்கிறது. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இருமலும் சளியும் வருகின்றன; இதயத் துடிப்பு எகிறுகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், இதய நோய் உள்ளவருக்கு இது இரட்டைச் சுமை.

தின்பவருக்கு நுரையீரல் தப்புகிறது என்பது உண்மை. ஆனால் குடலில் உறிஞ்சப்படும் டிஎச்சி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அதன் ஒரு பகுதி 11-ஹைட்ராக்சி-டிஎச்சி என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. இதுவும் போதை தரும். மூளைக்குள் எளிதில் நுழையும். முதல் அறிகுறி தென்படவே அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். உச்சம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வரும். தாக்கம் எட்டு மணி நேரம்கூட நீடிக்கும். சிலருடைய மரபணு அமைப்பில் டிஎச்சியைச் சிதைக்கும் கல்லீரல் நொதியே மந்தமாக இருக்கிறது. ஒரே துண்டைப் பகிர்ந்து தின்ற இரண்டு நண்பர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்க, மற்றவர் பீதியில் நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சம் வருமுன் "இன்னும் ஏறவில்லையே" என்று அடுத்த துண்டை வாயில் போடுவதுதான் பேராபத்து. கஞ்சா விற்பனை சட்டபூர்வமாகியிருந்த அமெரிக்காவின் கொலராடோவில், 2014-ல், 65 மில்லிகிராம் டிஎச்சி கொண்ட ஒரு பிஸ்கட்டில் ஒரு துண்டு மட்டும் தின்ற 19 வயது இளைஞர், ஒரு மணி நேரத்துக்குள் எதுவும் தெரியாததால் மீதியையும் தின்றார். நிலைகுலைந்து, சில மணி நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அளவு அச்சிட்ட பண்டத்துக்கே இந்த நிலை என்றால், எவரோ ஒருவர் அடுப்படியில் கிளறிய கஞ்சா சாக்லேட்டில் எந்த மூலையில் எவ்வளவு இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? வாந்தியைத் தணிக்க அமெரிக்கா 1985-ல் அனுமதித்த டிரோனாபினால் என்ற டிஎச்சி மாத்திரை, 2.5 மில்லிகிராம் அளவில்கூட வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாக்லேட்டுக்குப் பெயர் பெற்ற ஊரில் இன்னொரு கவலையும் உண்டு. விடுதி மேசையில் கிடக்கும் துண்டு எது என்று குழந்தைக்குத் தெரியாது. பெரியவர்களின் மூச்சை டிஎச்சி நிறுத்துவது மிக அரிது. சிறு குழந்தைகளுக்கோ ஆழ்ந்த மயக்கமும் சில வேளைகளில் மூச்சுத் தளர்ச்சியும் வரும்.

மற்றவற்றில் இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதின்ம வயதில் தொடங்குவோருக்கு அடிமையாகும் வாய்ப்பும் மனச்சிதைவு அபாயமும் கூடுதல். நெடுநாள் பழக்கத்தில், வெந்நீர்க் குளியலில் சற்றுத் தணியும் விடாத வாந்தி சிலரைப் பிடிக்கிறது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும், கஞ்சாவை எதில் கலந்தாலும் அந்தக் கலவையையும் தடைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் தின்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை முதலில் உடைக்கிறேன். யாருக்காவது உடல்நிலை மோசமானால், எதை, எப்போது, எந்த வழியில் எடுத்தார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்காக வத்தலக்குண்டு நோக்கி வண்டி மலைப்பாதையில் இறங்கும்போது, புகைத்தவரின் போதையும் இறங்கிக்கொண்டிருக்கும். தின்றவருக்கு அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.