இரும்பு அறுக்கும் கை கிரைண்டருக்கு ஒயர் மாற்றும்போது பிவிசியா, ரப்பரா?

ஊட்டி, கோத்தகிரி பக்கம் உறைபனிக் காலையில் பழைய பிவிசி ஒயரை விரித்துப் பாருங்கள். விறைத்துச் சுருண்டபடியே கிடக்கும். அந்த விறைப்போடு வளைத்து இழுத்தால் மேலுறை வெடிக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். பெரும்பாலும் அறுவது கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தில்தான். அங்கே அசைத்தால் மெஷின் விட்டுவிட்டு ஓடும்.

ரப்பர் ஒயர் குளிரிலும் துவளும், தீப்பொறி பட்டால் பிவிசி போல உருகாது. விலையும் கனமும் கூடுதல். சாதா ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரான நியோப்ரீன் உறை கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் எப்போதாவது ஓடும் டிரில்லுக்குப் பிவிசி போதும். வெளியே, ஈரத்தில் வேலை என்றால் ரப்பர்தான்; இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

எதுவானாலும் அளவு ஒன்றே. 850 வாட் கிரைண்டர் 230 வோல்ட்டில் சுமார் 3.7 ஆம்பியர் எடுக்கும். 1 சதுர மி.மீ. செம்பு தாங்கும். மெஷின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் (இரட்டை இன்சுலேஷன் குறி) இருந்தால் 2 கோர், அதாவது உள்ளே இரண்டு ஒயர் போதும். அது இல்லாத பழைய இரும்பு பாடிக்கு எர்த்தோடு 3 கோர் கட்டாயம். எர்த் ஒயரை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விடுங்கள், இழுபட்டால் அது கடைசியாகக் கழல வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே திருகைத் தொடுங்கள். நுழைவாயில் ரப்பர் குழாயை முதலில் கோர்த்துவிடுங்கள். ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வெளியுறையைக் கடிக்க வேண்டும், உள் ஒயரை அல்ல. முனைக்கு ஈயம் பூசித் திருகினால், ஈயம் நாளடைவில் அமுங்கித் திருகு தளர்ந்து சூடேறும். டேப் சுற்றிய ஒட்டும் கூடாது. மூடுபனி ஈரம் அதற்குள் இறங்கிவிடும்.