மேட்டுப் பாத்திக்குக் கல்லும் மண்ணும்: நாவற்குடாப் பக்கத்து விற்பனை இடமொன்று

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் வீட்டுத்தோட்டம் செய்ய விரும்புவோருக்கு மண்தான் முதற் சிக்கல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊற்றிய தண்ணீரை அடுத்த வேளைவரை கூட வைத்திருக்காத அதே மணல், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் கத்தரி, மிளகாய் வேர்களை அழுக வைத்துவிடுகிறது. நிலத்துக்கு மேலே கல்லால் வரம்பு கட்டி, உள்ளே நல்ல மண் நிரப்பிய மேட்டுப் பாத்தி இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். கட்டட வேலை பழகாத நான் அப்படியொன்றை அமைக்க, நாவற்குடாப் பக்கத்தில் சீமெந்துக் கல் அரிந்து விற்கும் சிறிய இடமொன்றில் கல்லும் மண்ணும் வாங்கினேன். கல்லுக்காக அந்த இடத்தை மனமுவந்து பரிந்துரைப்பேன். மண்ணுக்காகப் பரிந்துரைக்க மாட்டேன்.

16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குலத் தடிப்புள்ள கல்லே இந்த வேலைக்குப் போதுமானது. ஏறத்தாழ எட்டு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள பாத்திக்கு, நீளப் பக்கத்துக்கு ஆறு, அகலப் பக்கத்துக்கு மூன்று என இரண்டு வரிசை வைத்தால் 36 கல் போகும். இவ்வளவு சிறிய தொகையையும் முகம் சுளிக்காமல் லேண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) ஏற்றி வீட்டு வாசலில் இறக்கித் தருகிறார்கள். அங்கு வேலை செய்யும் பெரியவர் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் கணீரென்று ஒலிக்கிறதா என்று கேட்டு, விளிம்பை ஆணியால் கீறி, உதிர்ந்தவற்றை ஒதுக்கினார். புதிதாக அரிந்த அடுக்கைக் காட்டி நான் கேட்டபோது, “அது பச்சக்கல்லு மனே, இன்னும் தண்ணி குடிக்கட்டும்” என்று மறுத்துவிட்டார். விற்பதற்கு முன் கல்லை ஈரத்தில் இறுக விடும் இந்தப் பொறுமைக்காகவே மீண்டும் அங்கு போவேன்.

பாத்தியின் அகலத்தை நான்கு அடிக்கு மேற்படாமல் வைக்கச் சொன்னவரும் அவரே. இரு பக்கமும் நின்று நடுப்பகுதிவரை கை எட்டினால்தான் மண்ணை மிதிக்காமல் களை பிடுங்கலாம். கீழ் வரிசையின் பொருத்துகளில் சாந்து பூசாமல் விட்டால் மாரி வெள்ளம் அவற்றின் வழியே வடியும். அடியில் பொலித்தீன் விரிக்கக் கூடாது. சீமெந்தின் சுண்ணாம்புத் தன்மை மண்ணில் ஏறாதிருக்க, செடி நடுவதற்கு முன் கல்லை நன்றாகக் கழுவி விடுவது நல்லது.

குறை மண்ணில்தான். இந்த அளவுப் பாத்திக்கு 40 கன அடிக்குச் சற்றுக் குறைவாகவே மண் தேவைப்படும். ஒரு கியூப் என்பது 100 கன அடி என்பதால் அரைக் கியூப் தாராளமாகப் போதும். எனக்கு மேல்மண் என்று சொல்லித் தந்த சுமையில் மட்டிச் சிப்பிகள் கிடந்தன. காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. வாவியோர மண் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. முறையிட்டபோது அவர்கள் தர்க்கிக்கவில்லை, மண்ணின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். ஆனாலும் உப்பு மண்ணில் பயற்றை முளைக்காது. செம்மண்ணைத் தனியாகத் தருவித்து, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பட்டிகளில் கிடைக்கும் உக்கிய மாட்டெருவையும் தேங்காய் மட்டைத் தூளான தும்புச்சோற்றையும் கலந்து நிரப்புவதே சரியானது. முதல் மழைக்கு மண் அமிழும் என்பதால் சில உரப்பைக் கலவையை மீதம் வைத்திருக்க வேண்டும்.

கல் வாங்க விரும்புவோர் மாரி தொடங்குமுன், செப்டெம்பரிலேயே சொல்லி வையுங்கள். மழை இறங்கிய பின் அவர்களுடைய முற்றத்தில் கல் அரியும் வேலை தடைப்படுகிறது, ஒழுங்கைகளுக்குள் லேண்ட்மாஸ்டரும் வர மறுக்கிறது.