ஸ்விஃப்ட்டுக்கு மாற்று ரிம்: நாலு ஓட்டை பொருந்தியும் ஸ்டியரிங் ஆடியது ஏன்?

எங்கள் வீட்டு ஸ்விஃப்ட் 2008 மாடல், விஎக்ஸ்ஐ, 1.3 பெட்ரோல். அப்பா புதிதாக எடுத்த வண்டி. 2021-இல் அதன் ஸ்டீல் ரிம்கள் நான்கிலும் காற்று நிற்காமல் போனது. பஞ்சர் எதுவும் கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஏழெட்டு பாயின்ட் இறங்கிவிடும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி விளிம்பைக் காட்டினார்கள். டயர் உட்காரும் இடம் முழுக்கத் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சீலர் தடவி, இரண்டு முறை சமாளித்தேன். மூன்றாவது முறை போனபோது கடைக்காரர், "தேய்க்கத் தேய்க்கத் தகடுதான் சார் மெலியும். ரிம்மை மாத்திடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். முதலில் தப்பான செட் ஒன்று வாங்கினேன். பிறகு சரியான செட் கிடைத்து, அதில் நான்கு ஆண்டுகளில் 46,000 கி.மீ. ஓட்டியாகிவிட்டது. பழைய காருக்கு ரிம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிசிடியோடு நின்றுவிடுகிறார்கள். நானும் அங்கேதான் நின்றேன். பிசிடி என்பது போல்ட் ஓட்டைகளின் மையங்களைத் தொட்டுப் போகும் வட்டத்தின் விட்டம். நாலு ஓட்டை ரிம்மில் அதை அளப்பது சுலபம்: ஓர் ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை அளந்தால் போதும். என் ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ. விட்டம்.

சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய கம்பெனி அலாய் (அலுமினிய ரிம்) நான்கு கிடைத்தது. 15 அங்குலம், கீறல்கூட அதிகமில்லை. "ஸ்விஃப்ட்டும் நாலு நூறு, சிட்டியும் நாலு நூறு. கண்ணை மூடிட்டுப் போடுங்க சார்." அங்கேயே மாட்டிப் பார்த்தோம். சக்கரத்தை மாட்ட வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிகள், அதாவது ஸ்டட்டுகள், நாலும் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போயின. வண்டியில் இருந்த நட்டையே போட்டு கன்னால் (நட்டு முடுக்கும் மெஷின்) இறுக்கிக் கொடுத்தார்கள். காஞ்சிபுரம் வரும் வரை ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க வந்தவாசி வழியாகத் திருவண்ணாமலை போனேன். வேகம் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 70-க்கு இறக்கினால் நின்றுவிடும். திரும்பி வந்து பேலன்ஸிங் போட்டேன். மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம். மறுபடி ஓட்டினால் மறுபடி நடுக்கம். வேறு கடைக்குப் போனேன், அங்கேயும் பூஜ்யம். ரிம்மில் வளைவு இல்லை, டயரில் வீக்கம் இல்லை. பிறகு ஒரு நாள் திருவண்ணாமலைப் பாதையில் இருக்கும் சேத்துப்பட்டுக்குள் மெதுவாகத் திருப்பும்போது முன் இடது பக்கம் "டக், டக்" என்று சத்தம் கேட்டது. இறங்கி வீல் கப்பை எடுத்தேன். நாலு நட்டில் மூன்று கை விரலுக்கே சுழன்றன. மாட்டி 600 கி.மீ. கூட ஆகவில்லை. பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணன். கார் மெக்கானிக் இல்லை, ஆனால் இரும்பு எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்கத் தெரிந்தவர். என் நட்டின் முனையில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலப் பசை கொஞ்சம் தடவி, ரிம் ஓட்டையில் வைத்து அழுத்தித் திருப்பி எடுத்தார். "இங்க பாரு தம்பி" என்று காட்டினார். நட்டின் சாய்வு முழுக்க நீலம் அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு வளையம் அழிந்திருந்தது. அவ்வளவு இடத்தில்தான் நட்டு ரிம்மைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சுசுகியின் நட்டு கூம்பு வடிவம், 60 பாகைச் சாய்வு. ஹோண்டாவின் கம்பெனி ரிம்மில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் மாதிரி உருண்டை. அதற்கென்று உருண்டை முக நட்டு வரும். கிண்ணத்தில் கூம்பை வைத்தால் கோடுதான் தொடும், பரப்பு தொடாது. இறுக்கும்போது இறுகினது போலவே இருக்கும். ஓட ஓட அந்தக் கோடு அலுமினியத்தில் நசுங்கி, பிடி விட்டுப் போகும். சரி, ஹோண்டா நட்டையே வாங்கிப் போடலாமா என்றால் அதுவும் நடக்காது. இரண்டும் 12 மி.மீ. மரைதான், ஆனால் பிட்ச், அதாவது மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி, சுசுகிக்கு 1.25 மி.மீ., ஹோண்டாவுக்கு 1.5. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். கன்னை வைத்து ஏற்றினால் ஸ்டட் மரை போய்விடும்.

நடுக்கத்துக்குக் காரணம் அடுத்த அளவில் தெரிந்தது. சக்கரம் மாட்டும் வண்டிப் பாகத்துக்கு ஹப் என்று பெயர். வெர்னியர் அளவுகோல் வைத்து அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தை அளந்தோம்: 54 மி.மீ. ரிம்மின் நடு ஓட்டை 56.1. அதாவது சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்விஃப்ட்டின் சொந்த ரிம்மில் நடு ஓட்டை 54.1, ஹப்மேல் கச்சிதமாக உட்கார்ந்து, ரிம்மை மையத்தில் நிறுத்துவது அதுதான். நட்டு அழுத்திப் பிடிக்கிறது, ஹப் நடுவில் நிறுத்துகிறது. எனக்கு இரண்டுமே இல்லை. பேலன்ஸிங் மெஷின் ஏன் பூஜ்யம் காட்டியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மெஷின் ரிம்மின் நடு ஓட்டையில் கூம்பை நுழைத்து அதையே மையமாக எடுத்துக்கொள்கிறது. வண்டியில் ரிம் எந்த மையத்தில் நிற்கிறது என்பது மெஷினுக்குத் தெரியாது. பேலன்ஸ் சரியாக இருந்தும் ஸ்டியரிங் ஆடினால், இன்னொரு முறை பேலன்ஸிங்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் நடு ஓட்டையை அளந்து பாருங்கள்.

நடு ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று வளையம் கிடைக்கும். வெளிச்சந்தை அலாய்களில் நடு ஓட்டையை 67.1, 73.1 என்று பெரிதாக வைத்துத்தான் வார்க்கிறார்கள், பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று. அவற்றுக்கு ரிங் நல்ல தீர்வு. எனக்கு வேண்டியதோ ஒரு மி.மீ. கனமுள்ள வளையம், அதை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்ட மனம் ஒப்பவில்லை. நட்டு பிரச்சினை அப்படியே இருக்க, ரிங் போட்டு என்ன ஆகப்போகிறது? அந்த ரிம்களில் எந்தக் குறையும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவை வேறு ஹப்புக்குச் செய்தவை, அவ்வளவுதான்.

அதன் பிறகு இரண்டு மாதம் தேடினேன். ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டில் புது அலாய் பார்த்தேன். எட்டு ஓட்டை போட்டு 4×100, 4×114.3 இரண்டுக்கும் சேர்த்து வருகிறது. மாருதி 800 மாதிரி 114.3 வண்டிக்காரர்களுக்கு அது உதவும். எனக்குக் காட்டியது 6.5ஜே (ஆறரை அங்குல) அகலம், ஆஃப்செட் 35. ஆஃப்செட் என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ. கணக்கில். என் பழைய ரிம் 5ஜே, ஆஃப்செட் 45. இதைக் கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ரிம் அகலத்தில் பாதியை எடுத்து, ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து ரிம் எவ்வளவு வெளியே வருகிறது என்று கிடைக்கும். கூட்டினால் எவ்வளவு உள்ளே போகிறது என்று கிடைக்கும். பழையது: பாதி 63.5, வெளியே 18.5, உள்ளே 108.5. புதியது: பாதி 82.5, வெளியே 47.5, உள்ளே 117.5. ஆக, வெளிப்பக்கம் 29 மி.மீ. துருத்தும், உள்ளே ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) பக்கம் 9 மி.மீ. நெருங்கும். பார்வைக்கு வண்டி அகலமாக, கம்பீரமாகத் தெரியும். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பின் ஃபெண்டர் உதட்டில் டயர் உரசும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பழைய வண்டி வேறு எது வைத்திருந்தாலும் இந்தக் கண்ணோட்டம் உதவும். ஃபியட் பாலியோவின் பிசிடி 4×98. நூறுக்கும் அதற்கும் இரண்டு மி.மீ. வித்தியாசம்தானே என்று சிலர் மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். போல்ட்டுகள் சாய்ந்துதான் இறுகும். பாலியோவில் ஸ்டட்டும் நட்டும் இல்லை, நேராக போல்ட்தான். ஃபோர்டு ஐகான் 4×108, நடு ஓட்டை 63.4. சான்ட்ரோவுக்கு 4×100, 54.1 என்று ஸ்விஃப்ட்டை ஒட்டியே வரும், ஆனால் மரை 1.5 பிட்ச்.

கடைசியில் கிடைத்தது நான் முதலிலேயே தேடியிருக்க வேண்டிய ரிம்: 2011-க்குப் பிந்தைய ஸ்விஃப்ட்டின் கம்பெனி அலாய், 15 அங்குலம். புது வண்டி எடுத்து உடனே 16 அங்குலத்துக்கு மாறியவர் ஒருவர், ஆயிரம் கி.மீ. கூட ஓடாத செட்டை விற்றார். வெளிநாட்டுப் பட்டியல்களில் அந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கு ஐந்து ஸ்டட், 114.3 என்று இருக்கும். பார்த்துக் குழம்ப வேண்டாம், நம் ஊர் வண்டி 4×100-தான். இந்த முறை வெர்னியரையும் என் வண்டி நட்டு ஒன்றையும் பையில் எடுத்துப் போனேன். நடு ஓட்டை 54.1. நட்டு குழியில் முழுசாக உட்கார்ந்தது. உட்புறம் அச்சடித்திருந்த ஆஃப்செட் பழையதை ஒட்டியே இருந்தது. ரிம்மைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல ரிம் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். பழைய அலாய் வாங்கும் யாரும் இதைச் செய்யாமல் காசு கொடுக்கக் கூடாது.

டயர் கணக்கும் ஒத்துவந்தது. என் பழைய டயர் 165/80 ஆர்14: அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். மொத்த உயரம் 619.6 மி.மீ. அலாயில் 185/65 ஆர்15, உயரம் 621.5. இரண்டு மி.மீ.கூட வித்தியாசம் இல்லை, ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கடையில் 195/55 போடச் சொன்னார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்று. அதன் உயரம் 595.5. வண்டி 12 மி.மீ. தாழ்ந்து, மீட்டர் நாலு சதவீதம் கூடக் காட்டும்.

இந்த அளவில் எனக்குப் பிடித்த இன்னொரு நன்மை ஸ்டெப்னி. பழைய ஸ்டீல் ரிம்களில் துரு குறைவான ஒன்றைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, 165/80 டயரோடு டிக்கியில் வைத்திருக்கிறேன். உயரம் ஒன்றுதான், நட்டும் ஒன்றுதான். அவசரத்தில் இருட்டில் மாட்ட வேண்டி வந்தாலும் வேறு நட்டைத் தேட வேண்டாம். முதல் செட்டுக்குச் சரியான நட்டு எங்காவது கிடைத்திருந்தாலும், ஸ்டெப்னிக்கென்று இன்னொரு செட் நட்டு சுமந்திருக்க வேண்டும்.

மாட்டும்போது ஒவ்வொரு நட்டையும் கையால் சுழற்றிச் சுற்றை எண்ணினேன். 12 மி.மீ. ஸ்டட்டுக்கு மரைப்பிடியும் 12 மி.மீ. அளவு இருந்தால் நிம்மதி, 1.25 பிட்ச்சுக்கு அது ஒன்பதரைச் சுற்று. அதன் பிறகு இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் 85 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக. நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி சோதித்தேன், ஒன்றுகூட அசையவில்லை. கன்னால் அடித்து இறுக்க இப்போது யாரையும் விடுவதில்லை. முதல் செட் காலத்தில் அப்படி இறுக்கியதில் ஒரு ஸ்டட் இழுபட்டு, பிறகு அதை மாற்ற வேண்டி வந்தது.

நான்கு வருடத்தில் என்ன மாறியது? ஸ்டியரிங் நூறில் கல் மாதிரி நிற்கிறது. டயரின் பக்கச்சுவர் 132-இலிருந்து 120 மி.மீ. ஆகக் குறைந்ததால் சின்னப் பள்ளங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகின்றன. வளைவில் வண்டி முன்பைவிட அடங்கி நிற்கிறது. மைலேஜ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காற்று மாதத்துக்கு ஒரு பாயின்ட் இறங்கினால் அதிகம். 2023-இல் 15 வருடம் முடிந்து எஃப்சிக்குப் போனபோது சக்கரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. டயர் ஃபெண்டருக்குள்ளேயே அடங்கியிருந்தது.

இரண்டு தொல்லைகள் வந்தன. ஒன்றரை வருடம் கழித்து டயர் இடம் மாற்றப் போனபோது பின் ரிம் ஹப்பைவிட்டு வரவில்லை. அலுமினியமும் இரும்பும் மழைத்தண்ணீரில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ரப்பர் சுத்தியலால் உள்பக்கமிருந்து தட்டித்தான் எடுத்தோம். இப்போது ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுகிறேன். மரையிலும் நட்டு உட்காரும் குழியிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

இன்னொன்று 2024 மழையில். அவலூர்பேட்டை அருகே தண்ணீர் மூடிய பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கி, ரிம்மின் உள் உதடு மடங்கியது. ஸ்டீலாக இருந்திருந்தால் பஞ்சர் கடையில் தட்டி நிமிர்த்தியிருப்பார்கள். அலாயைச் சூடேற்றி நிமிர்த்தித் தருவதாகவும், விரிசல் விட்டால் வெல்டிங் வைப்பதாகவும் சொன்னார்கள். முன் சக்கரத்துக்கு அதை நான் ஏற்கவில்லை. அதே மாடல் ரிம் ஒன்றைத் தனியாகத் தேடி மாற்றினேன். அதிகம் விற்பனையான வண்டியின் கம்பெனி ரிம் என்பதால் ஒற்றை ரிம்கூடக் கிடைத்தது.

முதலில் வாங்கிய சிட்டி ரிம்களைச் செங்கல்பட்டிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போனார், சிட்டிதான் வைத்திருந்தார். எங்கள் தெருவிலேயே அவருடைய உருண்டை நட்டைப் போட்டு மாட்டினோம். லேத் பட்டறை அண்ணன் மறுபடி நீலம் தடவிப் பார்த்தார். இந்த முறை கிண்ணம் முழுக்க நீலம் ஒட்டியிருந்தது. மறுநாள் அவர் போன் செய்தார். பைபாஸில் நூறு வரை போய்ப் பார்த்தாராம், ஸ்டியரிங் அசையவே இல்லையாம்.