முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி: இரண்டைப் போட்டோம், மூன்றாவதை மறுத்தோம்

என் தாயாருக்கு இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உண்டு. மாற்று அறுவைக்கு அவர் இணங்காததால், வலி கூடுதலாக உள்ள வலக்காலில் இரண்டு ஆண்டுகளில் இருவகை ஊசிகளைப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் ஸ்டீராய்டு ஊசி. மூட்டில் கோத்திருந்த நீரை எடுத்துவிட்டு, 40 மில்லிகிராம் ட்ரையம்சினோலோனைச் செலுத்தினார்கள். மூன்றாம் நாளே கைப்பிடியைப் பற்றாமல் மாடி ஏறினார். அந்தச் சுகம் ஏறத்தாழ ஆறு வாரம் நீடித்தது. செலவும் குறைவுதான். ஆனால், நீரிழிவு உள்ளவருக்கு இவ்வூசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. வீட்டுக் கருவியில் 300ஐத் தாண்டிய அளவைக் கண்டு பதறித் தொலைபேசியில் கேட்ட பிறகே, அது அப்படித்தான் என்றார்கள். இதை அடிக்கடி போட்டுக்கொள்வதும் நல்லதன்று. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் இம்மருந்தைப் பெற்றவர்களுக்கு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அடுத்தது ஜெல் ஊசி, அதாவது மூட்டுநீரில் இயல்பாகவே உள்ள ஹயலூரானிக் அமிலம். சில தயாரிப்புகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுபவை. அம்மா சைவம் என்பதால், கேட்டறிந்து, நுண்ணுயிர் நொதித்தலில் உருவானதை வாங்கினோம். விலை ஸ்டீராய்டைப் போலப் பல மடங்கு. பலனோ, தெருமுனைக் கடை வரை சற்று எளிதாக நடந்தார் என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை. அதுவும் மருந்தாலா, ஓய்வாலா என்று பிரித்தறிய இயலவில்லை. தேய்மானத்துக்கு இவ்வூசியைத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டியிருப்பதைப் பணம் கட்டிய பிறகே படித்தேன்.

அதன்பின், சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்கள் செறிந்த நீர்மத்தைப் பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசியைப் பரிந்துரைத்தார்கள். 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டு முடிவில் அதற்கும் உப்புநீருக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதால் மறுத்துவிட்டோம். விலை ஏற ஏறச் சான்று மெலிந்துகொண்டே போவதை இந்த மூன்றிலும் கண்டேன்.

இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த தொடைத்தசைப் பயிற்சியை அம்மா நாள்தோறும் செய்கிறார். அடுத்த மாதம் பேத்தியின் திருமணம் வருவதால் ஒரேயொரு ஸ்டீராய்டு ஊசி போதும் என்கிறார். இம்முறை சர்க்கரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்.