ஐபிஎம் குவாண்டம் இலவசத் திட்டம்: பத்து நிமிடத்தில் என்ன கிடைக்கும்?

நிஜக் குவாண்டம் சிப்பில் காசில்லாமல் சர்க்யூட் (குவாண்டம் நிரல்) ஓட்ட ஐபிஎம்மின் ஓபன் பிளானில் 28 நாளுக்கு 10 நிமிடம் தருகிறார்கள். கேட்கும்போது சொற்பம்தான். ஆனால் அதே இயந்திரத்துக்குப் பணம் கட்டினால் நிமிடத்துக்கு 96 டாலர் என்பது விலைப்பட்டியல். பத்து நிமிடம் 960 டாலர். கிடைப்பதும் ஓரங்கட்டிய பழைய சிப் அல்ல, 156 க்யூபிட் (குவாண்டம் பிட்) கொண்ட ஹெரான். 2016-இல் இந்தச் சேவை வெறும் 5 க்யூபிட்டோடு தொடங்கியது. கல்லூரி மாணவர் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் கைகாட்டுவேன்.

வரிசையில் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. சிப் உழைக்கும் நேரம் மட்டும் கழியும். அந்த நேரம் எங்கே போகிறது? சர்க்யூட் சில மைக்ரோ வினாடியில் முடிந்துவிடும். சர்க்யூட்டை ஒருமுறை ஓட்டுவது ஒரு ஷாட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு க்யூபிட்டுகள் 0 நிலைக்கு அடங்க 250 மைக்ரோ வினாடி விடுகிறார்கள். 4096 ஷாட் என்றால் அந்த இடைவெளியே 1 வினாடி. அதற்கு மேல், அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும் (ஜாப்) அதை ஏற்றும் நேரம் தனியாக விழும். அதனால் 40 சர்க்யூட்டை 40 வேலையாக அனுப்பாமல் ஒரே சாம்ப்ளர் (அளவீட்டு விடைகளைத் தரும் கருவி) வேலையில் கட்டி அனுப்புங்கள். சராசரி மதிப்பைக் கணக்கிடும் எஸ்டிமேட்டரில், பிழை குறைக்கும் ரெசிலியன்ஸ் லெவல் 2 போட்டால் அதே சர்க்யூட் 1, 3, 5 என மூன்று இரைச்சல் அளவில் ஓடும். செலவும் மூன்று மடங்குக்குக் குறையாது. எல்லாவற்றிலும் மாக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் (நேர உச்சவரம்பு) வைத்துவிடுங்கள், ஒரே தவறில் மாதமே தீர்ந்துபோகாது.

சிப்பைப் பற்றி. அலுமினியம், நடுவே மயிரிழையிலும் மெல்லிய ஆக்ஸைடு, மறுபடி அலுமினியம் என அடுக்கிய ஜோசப்சன் சந்திதான் ஒவ்வொரு க்யூபிட்டின் உயிர். ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் குளிரூட்டும் பிரிட்ஜில் 15 மில்லிகெல்வின் அளவில் இருக்கும். சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் துடிப்பால் அதை அசைக்கிறார்கள். முந்தைய 127 க்யூபிட் ஈகிளில் அண்டை க்யூபிட்டுகள் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருந்தன. ஹெரானில் நடுவே உள்ள இணைப்பியான கப்ளரைத் தேவைப்படும்போது திறந்து, பிறகு மூடலாம். தரம் உயர்ந்ததற்குப் பெரிய காரணம் அதுதான். 2023 டிசம்பரில் 1121 க்யூபிட் காண்டோரும் 133 க்யூபிட் ஹெரானும் ஒன்றாக அறிமுகமாயின. தொடர்ந்து வளர்ந்தது ஹெரான். க்யூபிட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாம் 0, எல்லாம் 1 என்ற இரண்டும் சமமாகக் கலந்த 10 க்யூபிட் ஜிஹெச்இசட் நிலையை எடுத்துக்கொள்வோம். இரு க்யூபிட்டை இணைக்கும் சிஇசட் கேட் 9, ஒவ்வொன்றிலும் 0.3% பிழை என்றால் 97% தப்பிக்கிறது. கடைசியில் 10 க்யூபிட்டையும் வாசிக்க வேண்டும். ஒன்றுக்கு 1% பிழை என்றாலும் மிஞ்சுவது 90%. அதாவது கேட்டைவிட வாசிப்பில்தான் அதிகம் இழக்கிறோம்! பத்தில் ஒரு க்யூபிட்டுக்கு மட்டும் வாசிப்புப் பிழை 10% ஆக இருந்தால், கேட், வாசிப்பு இரண்டும் சேர்ந்த மொத்தம் 88%-இலிருந்து 80%-க்கு இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு க்யூபிட்டின் பிழை அளவும் உள்ள கேலிபரேஷன் அட்டவணையைத் திறந்து, வாசிப்புப் பிழை கூடிய க்யூபிட்டுகளை முதலில் தள்ளுங்கள், பிறகு கேட் பிழையைப் பாருங்கள். காலையில் பார்த்த அட்டவணையை மாலையில் நம்ப வேண்டாம். ஆக்ஸைடில் உள்ள நுண்குறைகள் நகர்ந்து க்யூபிட்டோடு ஒத்திசையும்போது, அதன் டி1 ஆயுள் (1 நிலையில் தாக்குப்பிடிக்கும் நேரம்) சில மணி நேரத்தில் படுத்துவிடும்.

முடிவில் எல்லாம் 0 என்ற விடை, எல்லாம் 1 என்ற விடையைவிடக் கூடுதலாக வந்தால் நிரலில் தேடாதீர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே 1 நிலை 0-க்குச் சரிகிறது, அதனால் வரும் சாய்வு அது. கேட் சங்கிலியை ஒரு முனையில் தொடங்காமல் நடுவிலிருந்து இருபக்கமும் வளர்த்தால் ஒன்றன்பின் ஒன்றான 9 அடுக்கு 5 ஆகும். சும்மா காத்திருக்கும் க்யூபிட்டுகளுக்கு துடிப்புகளால் இரைச்சலை அடக்கும் எக்ஸ்ஒய்4 டைனமிக்கல் டீகப்ளிங்கை இயக்கிவிடுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு க்யூபிட்டுக்கு அதிகபட்சம் 3 அண்டை, முக்கோணமே கிடையாது. தள்ளியிருக்கும் இரண்டைச் சேர்க்க, நிலைகளை இடம் மாற்றும் ஸ்வாப் வேண்டும், ஒரு ஸ்வாப்புக்கு 3 சிஇசட். ட்ரான்ஸ்பைல் செய்யாத (இயந்திரத்தின் கேட்டுகளுக்கும் இணைப்புகளுக்கும் மாற்றி எழுதாத) சர்க்யூட்டை 2024 மார்ச்சிலிருந்து இயந்திரம் வாங்குவதே இல்லை; ஆப்டிமைசேஷன் லெவல் 3-இல் சில சீடுகளை (தற்செயல் தொடக்க எண்) முயன்று, சிஇசட் எண்ணிக்கை குறைந்ததை அனுப்புங்கள். இயந்திரத்தைத் தொடர்ந்து பிடித்து வைக்கும் செஷன் வசதி இலவசத் திட்டத்தில் இல்லை. குறைந்தபட்ச ஆற்றலைத் தேடும் விக்யூஇ போன்ற சுற்றிச் சுற்றி வரும் வேலைகளில் ஒவ்வொரு சுற்றும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், இது பெரிய தொந்தரவு. முதல் ஒத்திகையைச் சொந்தக் கணினியில் ஏர் சிமுலேட்டரில் இரைச்சல் மாதிரியோடு ஓட்டிவிடுங்கள்.

எல்லாரும் எல்லாரோடும் இணைய வேண்டிய சர்க்யூட்டா? மின்னூட்டம் பெற்ற அணுக்களைக் க்யூபிட்டாக்கும் அயனிப் பொறிக்குப் போங்கள். அங்கே ஸ்வாப் தொல்லை இல்லை, கேட் மெதுவாக இருக்கும். அமேசானின் குவாண்டம் கிளவுடான பிராக்கெட்டில் 25 க்யூபிட் அயனிப் பொறியான ஐயான்க்யூ ஆரியாவுக்குப் போட்ட விலை வேலைக்கு 30 சென்ட், ஷாட்டுக்கு 3 சென்ட். 1000 ஷாட் ஓட்ட 30.30 டாலர்.