பாலன்பேர்க்: நெருப்பு எரிகிற வீட்டைத் தேடிப் போங்கள்

19 வருடமாக பேக்கரியில் இரவு வேலை. லீவு நாளிலும் காசு கொடுத்துப் பாண் சுடுவதைப் பார்க்கவேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் மனைவி, மாமியோடு பாலன்பேர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

பிறியன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. சுவிஸின் பல மாநிலங்களிலிருந்து பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, இங்கே திரும்பப் பூட்டி வைத்திருக்கிறார்கள். 1978இல் திறந்த இடம். இன்று 100க்கு மேற்பட்ட கட்டடங்கள், 66 ஹெக்டேர். அந்த 66ஐப் பொருட்படுத்தாமல் தோல் சப்பாத்தோடு போனது என் பிழை. ஏற்றமும் இறக்கமுமாக நடந்து, மத்தியானத்துக்குள் குதிக்கால் உரிந்துவிட்டது.

பேர்ண் பக்கத்துப் பண்ணை வீடொன்றின் குசினிக்குள் நுழைந்ததும் மாமி மேலே பார்த்தார். சுவரெல்லாம் கரி. "புகைக்கூடே இல்லையே தம்பி!" உண்மைதான். புகை கூரைக்குள் ஏறித் தானாக வெளியேறும். வழியில் தொங்கும் இறைச்சியைப் பதப்படுத்திவிடும். பக்கத்து அறையிலோ புகையே இல்லை. அங்கிருக்கும், ஓடு பதித்த பெரிய அடுப்புக்குக் குசினிப் பக்கமிருந்துதான் விறகு வைப்பார்கள். அந்த அடுப்போடு ஒட்டிய திண்ணையில்தான் குளிர்காலம் முழுக்கக் குடும்பம் இருந்திருக்கும். மாமி அந்தத் திண்ணையை விட்டு எழும்ப மறுத்தார்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது விறகுப் போறணைக்கு முன்னால். நெருப்பை உள்ளேயே எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை இழுத்து வெளியே எடுத்து, ஈரத்துணியால் போறணையின் உள்தரையைத் துடைக்கிறார்கள். அப்புறம் ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிகிறார்கள். மெல்லச் சிவந்தால் பதம். உடனே கருகினால் பொறுக்கவேண்டும். வெப்பமானி எதுவும் கிடையாது. பாண் வெளியே வந்த பிறகும் மிஞ்சுகிற சூட்டை அந்தக் காலத்தில் வீணாக்கவில்லை, அப்பிளும் பெயார்ஸும் காயவைத்தார்கள். நாங்களோ சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

வலே மாநில வீடுகளையும் விடாதீர்கள். அங்கே மலைக் கிராமங்களில் ஊருக்குப் பொதுவான போறணையை வருடத்தில் சில தடவைதான் மூட்டுவார்கள். ரை என்ற தானியத்தின் மாவில் சுட்ட பாணை மரத்தட்டிகளில் அடுக்கி மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். கல் மாதிரி இறுகிவிடும், வெட்டத் தனிக் கத்தி. இன்றும் வலே ரை பாண் என்று பெயர் போட்டு விற்க, மாவில் 90 வீதமாவது ரை இருக்கவேண்டும். 2004இலிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

எல்லா வீட்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஆறாவது வீட்டுக்குப் பிறகு கட்டில், அலுமாரி எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். அன்றைய நிகழ்ச்சிநிரலைப் பார்த்து, எங்கே அடுப்பு எரிகிறதோ அங்கே போய் நில்லுங்கள். பொதுவாக ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை திறந்திருக்கும்.

அடுத்த இரவு வேலையில், மின்போறணை 230 காட்டியபோது யாரும் பார்க்காத நேரம் ஒரு சிட்டிகை மா எறிந்து பார்த்தேன். மெல்லத்தான் சிவந்தது.